ஏழு கேள்வி சார்

சட்டைப் பையில் இருந்த தொலைபேசி காலை ஏழேமுக்காலிலிருந்து அணையாமல் எரிந்து, இப்போது நெஞ்சுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோலச் சுட்டுக்கொண்டிருந்தது. கேமராவின் கண் மட்டும் பைக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. மீறினால் என்ன நடக்கும் என்பதையும் விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் டாக்சியில் வந்தபோதும் அவர் மார்பை நிமிர்த்தியபடியே உட்கார்ந்திருந்தார். பார்த்தவர்களுக்கு அது மிடுக்காகத்தான் தெரிந்திருக்கும். மிடுக்கு அவருக்குப் புதிதல்ல என்பதால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை.

வங்கியின் கண்ணாடிக் கதவைத் தள்ளினார். காவலாளி பதறி எழுந்து சல்யூட் வைத்தார். பதில் சல்யூட் வைக்கக் கை எழவில்லை. உள்ளங்கை வியர்த்து, கைப்பையின் பிடி வழுக்கிக்கொண்டிருந்தது.

இந்த வங்கியில் அவருக்கு ஏழு கேள்வி சார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. மோசடித் தடுப்புப் பிரிவுக்குப் பதினோரு வருடம் தலைவராக இருந்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பெரிய தொகையை வெளியே அனுப்ப வருகிற எவரையும் கவுண்டரில் உட்கார வைத்து ஏழு கேள்வி கேட்க வேண்டும், பதில்களை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தவர் அவர்தான். ஏழையும் எழுதியவரும் அவர்தான். அதற்கு ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். கேள்விக்கு ஒரு மாதம் வீதம் என்று ஊழியர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

எதிர்ச் சுவரில் அவருடைய படமே தொங்கியது. விரலை உயர்த்தி, "பதறாதீர்கள், பகுத்தறியுங்கள்" என்று வாடிக்கையாளர்களை எச்சரிக்கும் பழைய சுவரொட்டி. ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் மீசையின் ஒரு பக்கத்தைக் கரைத்துவிட்டிருந்தது. அரை மீசையோடு அந்த மனிதர் அவரையே முறைத்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காலையில் நடந்தது இதுதான்.

பல் துலக்கிவிட்டு வந்தபோது தொலைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. எடுத்தால், இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையில் ஓர் அதிகாரி. பின்னால் மேஜை, கோப்புகள், கொடி, மூலையில் இன்னொரு காவலர் தட்டச்சு செய்யும் சத்தம். அதிகாரி அவரைப் பதவியோடு விளித்தார்.

"முன்னாள் தலைமை அதிகாரிதானே நீங்க? ஒரு ஏற்றுமதி கம்பெனி கேஸ். கறுப்புப் பணம் வெளிநாட்டுக்குப் போயிருக்கு. சந்தேகம்னு பேங்க்லேயே ரிப்போர்ட் வந்திருக்கு. ஆனா அந்த ரிப்போர்ட்டை 'பரிசீலிக்கப்பட்டது, நடவடிக்கை தேவையில்லை'ன்னு யாரோ மூடியிருக்காங்க. கீழ யாரோட கையெழுத்துன்னு சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

அப்போதே அவர் சிரித்திருக்க வேண்டும். தொலைபேசி வழியாக யாரையும் கைது செய்ய முடியாது, அப்படி ஒரு சட்டம் எங்கும் கிடையாது என்று நாற்பது அரங்குகளில் பேசியவர் அவர். அதே பேச்சுக்காக நான்கு சால்வைகளும் ஒரு சுவர்க் கடிகாரமும் வாங்கியவர். சிரிப்பு வரவில்லை.

காரணம் அவருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியம் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைகள் கட்டாக மேஜைக்கு வரும். நாற்பது இருக்கும், ஐம்பது இருக்கும். எங்கே கையெழுத்து என்று மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். அவர் அந்த நேரத்தில் சனிக்கிழமைச் சொற்பொழிவைப் பற்றித் தொலைபேசியில் பேசிக்கொண்டே மஞ்சள் சீட்டு கண்ட இடமெல்லாம் கையெழுத்திடுவார். பதினோரு வருட வெள்ளிக்கிழமைகள். ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. எனவே எந்தக் கம்பெனியின் பெயரை யார் சொன்னாலும், அது என் கையெழுத்தில்லை என்று சொல்ல அவரால் முடியாது. படித்திருந்தால் அல்லவா சொல்ல முடியும்.

"சார், இப்படி போன் பண்ணி ஏமாத்துற கும்பல் ஒண்ணு இருக்கு," என்று ஈனக்குரலில் சொல்லிப் பார்த்தார்.

அதிகாரி கோபப்படவே இல்லை. "தெரியும் சார். உங்க லெக்சர் நாங்களும் கேட்டிருக்கோம். எங்க யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு ஊரை ஏமாத்துறானுங்க. அவனுங்களைப் பிடிக்கத்தான் நாங்க இருக்கோம். உங்க விஷயம் வேற. உங்க பேங்க்லேயே உள்ளாள் இருக்கான். அவன்தான் உங்களை மாட்டிவிட்டிருக்கான். அதனால அங்க யாரையும் நம்பாதீங்க. வீட்லயும் மூச்சு விடாதீங்க. உங்க பொண்ணு வேலை பாக்குற ஆபீஸ் வாசல்ல எங்க ஆளுங்க ரெண்டு பேர் நிக்கிறாங்க. இப்போதைக்குப் பாதுகாப்புக்கு."

அந்த 'இப்போதைக்கு'தான் அவருடைய ஈரக்குலையை நடுங்க வைத்தது.

பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. அறைக் கதவைத் தாழிடச் சொன்னார்கள், தாழிட்டார். கைபேசியிலிருந்து அனுப்பக்கூடிய அளவுக்கு ஒரு தொகையைச் 'சரிபார்ப்புக் கணக்குக்கு' அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். சரிபார்ப்புக் கணக்கு என்று உலகத்தில் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்த மூளை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. விரல்கள் அதனிடம் கேட்காமல் தட்டிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து மனைவி மூன்று தடவை கதவைத் தட்டினாள்.

"என்னங்க, உள்ள என்ன பண்றீங்க? டீ ஆறுது."

"மீட்டிங்."

"ரிட்டயரானவருக்கு என்ன மீட்டிங்? கண்ணாடியைப் பார்த்து லெக்சர் அடிக்கிறீங்களா?"

திரையில் அதிகாரி விரலை உதட்டில் வைத்திருந்தார்.

மீதி, அதாவது ஓய்வுப் பணம் முழுவதும், நிரந்தர வைப்புக் கணக்கில் கிடந்தது. அதைக் கைபேசியால் அசைக்க முடியாது. கிளைக்கு நேரில் போக வேண்டும். கவுண்டரில் ஏழு கேள்வி கேட்பார்கள் என்று அவரே அதிகாரியிடம் சொன்னார். ஏழையும் ஒப்பித்தார். அதிகாரி ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பதிலைச் சொல்லிக்கொடுத்து, இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ அவருடைய கேள்விகளைக் கொட்டாவி விடாமல் கேட்டார்கள்.

இப்போது அவர் மூன்றாம் கவுண்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கவுண்டரில் இருந்த பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி, மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில், விரலில் ரப்பர் உறை. அவருக்கு அவளை நன்றாகத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு திடீர்ச் சோதனையில், வாடிக்கையாளரிடம் நாலாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதற்காக அவளுக்கு மெமோ கொடுத்தவர் அவர். அந்த மெமோவால் அவளுடைய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. இவள்தான் உள்ளாளோ என்று ஒரு எண்ணம் முள்ளாகக் குத்தியது. பழி வாங்கக் காரணமும் இருக்கிறது.

"வாங்க சார். நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்." படிவத்தை நீட்டினார். மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டார்.

அவள் தொகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து அந்த அச்சிட்ட தாளை எடுத்தாள். அதன் தலைப்பிலும் அவருடைய படம் சிறியதாக இருந்தது. அதில் மீசை முழுசாக இருந்தது.

"உங்ககிட்டயே கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. ரூல்."

"கேளும்மா. கேக்கணும்."

"இந்தப் பணத்தை அனுப்பச் சொல்லி யாராவது உங்களை வற்புறுத்தினாங்களா?"

"இல்லை."

"வாங்குறவரை நேர்ல பாத்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன்."

"இந்த அக்கவுண்ட் நம்பர் எப்படிக் கிடைச்சது?"

"அவரே எழுதிக் கொடுத்தாரு."

"பணம் எதுக்காக அனுப்புறீங்க?"

"பன்னெண்டு வருஷமா."

அவளுடைய பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுவர்க் கடிகாரத்தில் ஓடிய நொடிமுள்ளைப் பார்த்தபடி, அடுத்த பதில் நழுவிவிடாமல் நாக்கின் நுனியில் பிடித்து வைத்திருந்தார்.

"இப்போ யார்கூடயாவது போன்ல இருக்கீங்களா?"

"வீடு வாங்குறதுக்கு."

"இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லை."

அவள் பேனாவை மூடினாள். அவ்வளவுதான் என்பதுபோலத் தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

"இல்லை," என்றார் அவர் மறுபடியும்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருடைய வாயில் ஒரு பதில் மிச்சம் இருந்தது. அது தானாக வெளியே விழுந்துவிட்டது. ஏழு பதில் மனப்பாடம் செய்து வந்தவரிடம் அவள் ஆறு கேள்விதான் கேட்டிருக்கிறாள். எங்கே தவறியது என்று அவர் மனதுக்குள் பின்னோக்கி ஓடினார். வாங்குபவரை எத்தனை வருடமாகத் தெரியும் என்ற கேள்வி. நாலாவது. மறுபடியும் அதே நாலாவது. 'வீடு வாங்குறதுக்கு' என்று தான் எந்தக் கேள்விக்குச் சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

பை அதிர்ந்தது. குறுஞ்செய்தி. எடுத்துப் பார்க்க அனுமதி உண்டு. 'என்ன உளறல் அது? சமாளி. உன் மகளின் அலுவலகத்துக்குள் எங்கள் ஆட்கள் போய்விட்டார்கள்.'

காலையில் 'சார்', 'நீங்க'. இப்போது 'உன்'. ஐந்து மணி நேரத்தில் அவருடைய மரியாதை அவ்வளவு தூரம் இறங்கியிருந்தது. அதைக் கவனிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"சீக்கிரம் முடிச்சுக் குடும்மா," என்றார்.

அவள் தட்டச்சுப் பலகையைத் தொட்டாள். திரையை எட்டிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார். கொஞ்சம் உக்காருங்க."

இந்த வாக்கியம் அவருக்குத் தெரியும். கையேட்டின் பதினான்காம் பக்கம். 'சந்தேகம் எழுந்தால் வாடிக்கையாளரைக் கலவரப்படுத்தாமல், கணினி மெதுவாக இயங்குகிறது எனக் கூறித் தாமதிக்கவும். காவல்துறைக்குத் தகவல் தரவும்.' எழுதியவர் அவர். 'கலவரப்படுத்தாமல்' என்ற சொல்லை நுழைப்பதற்காக ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை போட்டவரும் அவர். அந்தச் சொல்லின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் நெஞ்சுப் பையில் போலீஸ். இன்னொரு பக்கம் வாசல் வழியாக வரப்போகிற போலீஸ். நடுவில், ஒரு கோப்பையும் படிக்காத ஒரு மனிதன்.

அவள் ஒரு செலுத்துச் சீட்டை எடுத்து ஏதோ எழுதினாள். கண்ணாடித் தடுப்பின் கீழே, மேஜையோடு மேஜையாக, கேமராவின் கண்ணுக்கு எட்டாத தாழ்வில் நகர்த்தினாள். 'பையில் போன் ஆனில் இருக்கிறதா? ஆம் என்றால் கண்ணாடியைக் கழற்றுங்கள்.'

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. கழற்றுவதற்கு ஒரு விரல் போதும். விரல் எழுந்தது. மகளின் அலுவலகம் ஞாபகம் வந்தது. கண்ணாடிச் சுவர், வரவேற்பில் ஒரு மீன்தொட்டி, அதன் பக்கத்தில் இரண்டு பேர். விரல் இறங்கிவிட்டது. அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். அவள் சீட்டை உருவிக்கொண்டாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. இவள் உள்ளாளேதான் என்று அவருக்கு அப்போது உறுதியாகிவிட்டது. பயந்தவனுக்கு எல்லாமே சாட்சி.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். கழுத்துப்பட்டையில் வங்கியின் சின்னம், சட்டைப்பையில் வங்கியின் பேனா, நெற்றியில் மட்டும்தான் வங்கியின் பெயர் பாக்கி. இரண்டு கையையும் விரித்தபடி வந்தார்.

"சார்! சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே. சாரை யாரு இங்க உக்கார வச்சது? கேபினுக்கு வாங்க சார்." கவுண்டர் பக்கம் திரும்பினார். "சாரை எதுக்கு வெயிட் பண்ண வைக்கிறீங்க?"

"சிஸ்டம் ஸ்லோ சார்."

"என் ரூம்ல பறக்குதே."

"இங்க நடக்குது சார்."

"என்ன விளையாடுறீங்களா? ஏழு கேள்வி கேட்டாச்சா?"

"கேட்டேன்."

"சார்கிட்டேயேவா?" மேனேஜர் சிரித்தார். "வெங்காயம் விக்கிறவர்கிட்ட வெங்காயம் உரிச்சுக் காட்டியிருக்கீங்க. என்ட்ரி போடுங்க, நான் அப்ரூவ் பண்ணிடுறேன். சாரோட பணம், சாரோட கையெழுத்து. நமக்கு என்ன?"

பெரிய தொகைக்கு இரண்டு பேரின் விசை வேண்டும். கவுண்டரில் ஒருவர் பதிய வேண்டும், மேலே ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். அந்த விதியும் அவர் கொண்டுவந்ததுதான். தன் வாழ்நாளில் தான் கட்டிய எல்லாச் சுவரும் இன்றைக்குத் தன் முகத்துக்கு நேரே நிற்பதை அவர் பார்த்தார்.

"போட மாட்டேன் சார்," என்றாள் கவுண்டர் பெண்மணி.

"என்னது?"

"எனக்குக் கை வராது. நீங்க வேற யாரையாவது உக்கார வச்சுப் போடச் சொல்லுங்க."

"உங்க மேல ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"மறக்க விட்டாத்தானே சார். அதுல கையெழுத்துப் போட்டவரு இதோ உக்காந்திருக்காரு."

பை மறுபடி அதிர்ந்தது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாகக் கையை மேஜையில் ஓங்கி அடித்தார். கிளை முழுவதும் திரும்பிப் பார்த்தது. காவலாளி எழுந்து நின்றார்.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு? இந்த ரூலை எழுதினவன் நான். எழுதினவனே சொல்றேன், அனுப்பு." குரல் உடைந்தது. "அனுப்பிடும்மா. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். நேரமாகுது."

மேனேஜரின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஏழு கேள்வி சார் 'தயவுசெய்து' என்று சொல்லியே இந்த வங்கியில் யாரும் கேட்டதில்லை. காலைப் பிடிக்கிறேன் என்கிறார். மேனேஜர் மெதுவாக ஒரு அடி பின்னால் போனார். எதுவாக இருந்தாலும் தன் பெயர் அதில் இருக்கக் கூடாது என்கிற அடி அது.

கண்ணாடிக் கதவு திறந்தது.

உள்ளே வந்தது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். வியர்வையில் முதுகோடு ஒட்டிய சீருடை. ஹெல்மெட் அழுத்தியதால் தலைமுடி ஒரு பக்கமாகப் படிந்திருந்தது. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் சாப்பாட்டு டப்பா. நேரே சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும். சட்டையின் மேல்பொத்தான் நூலில் ஊசலாடியது. காலையில் திரையில் பார்த்த அதிகாரியின் பக்கத்தில் இவரை நிறுத்தினால், இவரைத்தான் போலி என்று யாரும் சொல்வார்கள். அவரும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தார். அடுத்த கணம் அவருடைய கண் இடுப்பில் தொங்கிய விலங்கில் விழுந்தது. அதன் வெள்ளி முலாம் உரிந்து உள்ளே இரும்பு தெரிந்தது. பலருடைய கையில் ஏறி இறங்கிய விலங்கு.

அவர் எழுந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினார்.

"நான் படிக்கலை," என்றார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமே படிக்கலைம்மா. பதினோரு வருஷம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கட்டுக் கட்டா வரும். மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். அந்த இடத்துல போடுவேன். எந்தக் கம்பெனி, எவ்வளவு பணம், எதுவும் தெரியாது. பரிசீலிச்சேன்னு சீல் குத்துவேன். பரிசீலிக்கலை. எம் பொண்ணுக்கு இதுல சம்பந்தமில்லை. அவளை விட்டுடச் சொல்லுங்க. நான் வந்துடுறேன்."

கிளையில் பணம் எண்ணும் இயந்திரம்கூடப் பாதியில் நின்றிருந்தது. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சுவரொட்டியைக் காட்டி, மறுபடி இவரைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் நீட்டிய கைகளைப் பார்த்தார். அவற்றைத் தொடவில்லை. துணிப்பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, அவருடைய சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டுத் தொலைபேசியை உருவினார். திரையில் அதிகாரி அப்படியே இருந்தார். மடிப்புக் கலையாத சீருடை, பின்னால் கொடி.

"வணக்கங்க," என்றார் இன்ஸ்பெக்டர் திரையிடம். "எந்த ஸ்டேஷனுங்க?"

திரை கறுத்தது. ஐந்து மணி நேரம் இருபது நிமிடம் என்று அழைப்பின் கணக்கு மட்டும் மின்னிவிட்டுப் போனது.

"வெட்டிட்டான்," என்றார் இன்ஸ்பெக்டர். "சார், உக்காருங்க. நீங்க படிச்சீங்களா படிக்கலையான்னு கேக்க நான் வரலை. அது என் கேஸ் இல்லை."

"என் கையெழுத்து இருக்குன்னு சொன்னான்."

"போன வாரம் ஒரு பல் டாக்டர்கிட்டயும் அதையேதான் சொன்னான். அதுக்கு முந்தின வாரம் ஒரு ஹெட்மாஸ்டர். உங்க கையெழுத்து ஒரு ஃபைல்ல இருக்குன்னு சொன்னா யாருக்குத்தான் சார் பயம் வராது? படிச்சுப் பாத்தா எல்லாரும் போடுறோம்?" நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் வைத்தார். "உங்க ரிட்டயர்மென்ட் போட்டோ நெட்ல இருக்கு. பதவி, வருஷம், பொண்ணு எங்க வேலை பாக்குது, எல்லாம் நீங்களே போட்டிருக்கீங்க. அதுக்கு மேல அவனுக்கு எதுவும் தெரியாது."

அவர் உட்கார்ந்தார். பயம் போக வேண்டிய நேரத்தில் போகாமல், உட்கார வேறு இடம் தேடிக்கொண்டிருந்தது. "பொண்ணு?"

இன்ஸ்பெக்டர் தன் தொலைபேசியை நீட்டினார். அவர் எண்ணைச் சொல்ல, மகள் எடுத்தாள். "அப்பா? இது யார் நம்பர்? நான் லஞ்ச்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடவா?" அவர் சரி என்று மட்டும் சொன்னார். மீன்தொட்டிக்குப் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டார்.

"காலையில போன பணம்?" என்று அவர் கேட்டார்.

"கவுண்டர் அம்மா உங்க கணக்கைப் பாத்து மெசேஜ் பண்ணாங்க, உடனே தகவல் கொடுத்தாச்சு. நிறுத்தப் பாக்குறோம்." இன்ஸ்பெக்டர் அவர் கண்ணைப் பார்த்தே சொன்னார். "அஞ்சு மணி நேரம் ஆச்சு சார். உங்களுக்குத் தெரியாததா."

தெரியும். போன பணத்தை மீட்க முதல் ஒரு மணி நேரம்தான் பொன் என்று அவரே அரங்குகளில் சொல்வார். சொல்லிவிட்டு, கைத்தட்டலுக்காக ஒரு நிமிடம் நிறுத்துவார்.

கவுண்டர் பெண்மணி ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கப் பெரும்பாடு பட்டார்.

"நாலாவது கேள்வியை வேணும்னுதானே விட்டே? என்னைப் பிடிக்கறதுக்காக."

அவள் சற்று யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. "இல்ல சார். எனக்கு எப்பவும் அது விட்டுப்போகும். ரெண்டாவதும் நாலாவதும் ஒரே மாதிரி இருக்குல்ல, வாயில வராது. ஆறு வருஷமா ஒரு நாளும் கேட்டதில்லை."

"மெமோ கொடுத்த அப்புறமுமா?"

"கொடுத்த அப்புறமும்தான். ஆனா பதில் மட்டும் எழுதிடுவேன், அஞ்சு வருஷம்னு. ஜனங்க கேள்விக்கே சண்டைக்கு வருவாங்க சார். என் பணம், உனக்கென்னம்பாங்க. அமைதியா ஏழுக்கும் பதில் சொன்ன மொத ஆள் நீங்கதான். அதுலயே எனக்குத் திக்குனு ஆச்சு. அப்புறம் பன்னெண்டு வருஷமான்னீங்க."

மேனேஜர் இதற்குள் திரும்பி வந்திருந்தார். எங்கிருந்தாவது ஒரு புகைப்படக்காரரை ஏற்பாடு செய்யலாமா, வங்கியின் விழிப்பால் மோசடி முறியடிப்பு என்று ஒரு செய்தி போடலாமா என்று இன்ஸ்பெக்டரிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார். இன்ஸ்பெக்டர் சாப்பாட்டு டப்பாவைத் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

வாக்குமூலத்தை மேனேஜரின் அறையிலேயே தட்டச்சு செய்தார்கள். மூன்று பக்கம். இன்ஸ்பெக்டர் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "இங்க சார்." பழக்கதோஷத்தில் அவருடைய பேனா விரல் காட்டிய இடத்துக்குப் போய்விட்டது. மை தாளைத் தொடுவதற்கு முன்னால் நின்றது.

"படிச்சிடுறேம்மா."

"படிங்க."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். தாளை மேஜையில் வைத்து இரண்டு முழங்கையாலும் அழுத்திக்கொண்டார். வரிக்கு வரி விரலை ஓட்டினார். மேனேஜர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் டப்பாவைத் திறந்து சாப்பிடத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அவர் விரல் நின்றது.

"இங்க, 'போதிய விழிப்புணர்வு இல்லாத காரணத்தால்'னு இருக்கு."

"எல்லாருக்கும் அப்படித்தான் சார் போடுவோம். அந்த வரி கம்ப்யூட்டர்லேயே இருக்கு."

"எனக்கு இருந்துச்சும்மா. அதை வச்சுத்தான் சம்பளம் வாங்கினேன்." அந்த வரியை விரலால் தட்டினார். "அதை அடிச்சுடுங்க. பயந்துட்டேன். பயந்துன்னு போடுங்க."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியை அழித்து, 'பயத்தினால்' என்று அடித்து, புதிதாக அச்செடுத்துக் கொடுத்தார். அவர் அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார். அது அவர் வழக்கமாகப் போடும் சுழித்த கையெழுத்தாக வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது.

மேஜைமேல் கிடந்த அவருடைய தொலைபேசி அடித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அவருடைய கை தானாகப் பின்னுக்குப் போனது.

"வீடுன்னு வருது சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அதனால் ஒன்றும் பயம் குறைந்துவிடவில்லை. கொஞ்சம் கூடியது என்றே சொல்ல வேண்டும். எடுத்தார்.

"என்னங்க, எங்க போனீங்க? கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம். டீயும் குடிக்கலை. காலையிலேருந்து முகமே சரியில்லை. உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லை."

"அப்புறம் என்ன? யார்கிட்டயும் சொல்லாம கதவைச் சாத்திக்கிட்டு. யாராவது எதையாவது சொன்னாங்களா?"

கண்ணாடி அறைக்கு வெளியே மூன்றாம் கவுண்டரில் பணம் எண்ணும் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. இல்லை என்கிற பதில், மனப்பாடமாக, தயாராக இருந்தது.

"சொன்னாங்க," என்றார்.

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்காரும் சத்தம் கேட்டது.